பில் கவுண்டர் எங்கே? ஐந்து நாடுகள், பதினைந்து நாட்கள்

அக்டோபர் 6, 2025, திங்கள் – லண்டன்

வந்து இறங்கிய இரண்டாம் நாளே விழுந்தேன். தம்பி வீட்டுக்குப் பக்கத்து ரயில் நிலைய வாசல் படியில் ஈர இலைகள் ஒட்டிக் கிடந்தன. குடையை விரிக்கும் அவசரத்தில் கவனிக்கவில்லை. இடது கையை ஊன்றி விழுந்ததில் பத்தே நிமிடத்தில் மணிக்கட்டு பன் மாதிரி உப்பிவிட்டது. யாரோ ஒரு பையன், படியில் உருண்டுபோன என் செருப்பை எடுத்துவந்து, மண்டியிட்டு என் காலடியில் வைத்துவிட்டுப் போனான். நன்றி சொல்வதற்குள் ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டான்.

தம்பி மனைவி உடனே காரை எடுத்தாள். பின் சீட்டில் என் வீட்டுக்காரர் பர்ஸைத் திறந்து பவுண்டு நோட்டுகளை எண்ணிக்கொண்டே வந்தார். நானும் மனதுக்குள் அதையேதான் செய்துகொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருடம் ஒரு தனியார் மருத்துவமனையின் பில் கவுண்டரில் உட்கார்ந்தவள் நான். போன மார்ச்சில்தான் ஓய்வு பெற்றேன். "அட்வான்ஸ் கட்டிட்டு வாங்க" என்று எத்தனை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேனோ. மகனை ஸ்ட்ரெச்சரில் விட்டுவிட்டு ஓடிவந்த ஒரு அம்மா, கையில் கிடந்த ஒற்றை வளையலைச் சோப்பு போட்டுக் கழற்றிக் கண்ணாடிக்கு அடியில் தள்ளியது இன்னும் கண்ணில் நிற்கிறது. சோப்பு நுரை காயாத வளையல். அதை வாங்கிக்கொள்ள எனக்கு அதிகாரம் கிடையாது என்று சொல்ல வேண்டியிருந்தது.

அதனால் எந்த ஊர் மருத்துவமனைக்குள் போனாலும் என் கண் முதலில் தேடுவது பில் கவுண்டரைத்தான். இங்கே அவசரப் பிரிவில் வரவேற்பு மேசை இருந்தது, பெயர், பிறந்த தேதி, விலாசம் கேட்டார்கள், இங்கிலாந்தில் எத்தனை நாளாக இருக்கிறேன் என்றும் கேட்டார்கள். சுற்றுலா வந்தவள் என்றேன். அவசரப் பிரிவில் பார்ப்பதற்கு யாருக்கும் கட்டணம் இல்லை, வார்டில் சேர்க்க வேண்டி வந்தால் மட்டும் வெளிநாட்டவருக்குப் பில் வரும் என்று அந்தப் பெண் சொன்னாள். சாதாரணக் கணக்கில் ஒன்றரை மடங்கு பில் அது.

அப்புறம் காத்திருந்தோம். நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு தச்சுத் தொழிலாளி, பக்கத்தில் காது வலியில் முனகும் குழந்தை. வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று ஒரு நர்ஸ் கேட்டுப் போனார். நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து அனுப்ப வேண்டும் என்பது அங்கே அரசு வைத்திருக்கும் இலக்கு. எனக்கு ஆனது ஆறு மணி நாற்பது நிமிடம். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. பட்டி போட்டு, ஒரு தாளில் பயிற்சிகளை அச்சடித்துக் கொடுத்து, போகலாம் என்றார் மருத்துவர்.

போகலாம் என்றால் எங்கே போவது? கால் தானாகக் கவுண்டரைத் தேடியது. நடைக்கூடத்தின் கடைசிவரை போய்ப் பார்த்துவிட்டேன், இல்லை. "அண்ணி, அவ்ளோதான், வாங்க" என்று தம்பி மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். அன்றைக்கு எங்களிடம் காசு வாங்கியவை இரண்டே இரண்டு: சாண்ட்விச் விழுகிற இயந்திரமும் கார் நிறுத்துமிடமும்.

இவரைப் போலவே தம்பிக்கும் சர்க்கரை உண்டு, எங்கள் குடும்பச் சொத்து அது. இங்கிலாந்தில் மருந்துச் சீட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்டு கட்ட வேண்டும். ஆனால் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் சர்க்கரை நோயாளிக்கு விலக்குச் சான்றிதழ் உண்டு. அது இருந்தால் சர்க்கரைக்கு மட்டுமல்ல, எந்த மருந்துக்குமே காசில்லை. அடையாள அட்டை அளவில் ஒரு அட்டை. தம்பி அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டியிருக்கிறான்.

அக்டோபர் 8, புதன் – டிரெடிகர், வேல்ஸ்

கை வலியோடு இவ்வளவு தூரம் எதற்கு என்று தம்பி கேட்டான். காசு கேட்காத அந்த ஆஸ்பத்திரி எங்கிருந்து முளைத்தது என்று பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது என்றேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டினான். வேல்ஸுக்குள் நுழைந்ததும் மழை மேலிருந்து பெய்வதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் பெய்ய ஆரம்பித்தது.

டிரெடிகர் பள்ளத்தாக்குக்குள் ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் இரும்பும் நிலக்கரியும் கொழித்த இடம். நடுவே வட்டமான சந்திப்பு, அதில் 1858இல் நட்ட இரும்பு மணிக்கூண்டு. இந்த ஊர்த் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு மருத்துவ உதவிச் சங்கம் வைத்திருந்தார்கள். சம்பளத்தில் பவுண்டுக்கு மூன்று பென்னி வீதம் எல்லோரும் போட்டார்கள். சங்கமே மருத்துவரைச் சம்பளத்துக்கு வைத்தது. யாருக்கு உடம்பு சரியில்லையோ அவர் போய்க் காட்டிக்கொள்ளலாம், அந்த நேரத்தில் காசு பேச்சே கிடையாது.

அனைரின் பெவன் 1897இல் பிறந்தது இங்கேதான். பதின்மூன்று வயதில் சுரங்கத்துக்குப் போனவர். அப்பா நிலக்கரித் தூசு நுரையீரலை அடைத்துச் செத்தார். தொழிலால் வந்த நோய் என்று அதை அன்றைக்கு ஒப்புக்கொள்ளாததால் இழப்பீடும் வரவில்லை. அந்த மகன் 1945இல் சுகாதார அமைச்சரானதும், தன் ஊர்ச் சங்கத்தில் பார்த்ததை நாடு முழுவதற்கும் விரித்தார். 1948 ஜூலை 5ஆம் தேதி தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது. மூன்று பென்னிக்குப் பதில் வரிப்பணம். மூன்றே வருடத்தில் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் வைக்க அரசு முடிவெடுத்தபோது பெவன் அமைச்சரவையை விட்டே வெளியேறினார்.

இதை எனக்கு விளக்கமாகச் சொன்னவர் தேநீர்க் கடையில் பக்கத்து மேசையிலிருந்த பெரியவர். நாங்கள் சாப்பிட்டது வெல்ஷ் கேக். தோசைக்கல் போன்ற ஒரு கல்லில் சுட்டு, சர்க்கரை தூவித் தருகிறார்கள். நடுநடுவே உலர்திராட்சை. என் கைக்கட்டைப் பார்த்து "எங்கே போட்டது?" என்று பேச்சைத் தொடங்கினார். ஆறு மணி நாற்பது நிமிடம் ஆனதைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். அவர் மனைவி இடுப்பு மூட்டு அறுவைக்கு ஒரு வருடத்துக்கும் மேலாகப் பட்டியலில் இருக்கிறாராம். "கூப்பிடுவார்கள், ஆனால் எப்போது கூப்பிடுவார்கள் என்றுதான் தெரியாது" என்றார். கோபம் இருந்தது. ஆனால் இந்தச் சேவையையே எடுத்துவிடலாமா என்று தம்பி கேட்டதும் அவர் முகம் மாறிய விதம் இருக்கிறதே, வீட்டை விற்கலாமா என்று கேட்ட மாதிரி.

வேல்ஸில் 2007 முதல் மருந்துச் சீட்டுக்கு யாருமே காசு கொடுப்பதில்லை. மருத்துவமனைகளில் கார் நிறுத்தவும் கட்டணமில்லை. இரண்டு நாள் முன்பு நாங்கள் கொடுத்துவிட்டு வந்த பார்க்கிங் காசு ஞாபகம் வந்தது.

ஊருக்கு வெளியே மேட்டு நிலத்தில் பெவனுக்கு நினைவுக் கற்கள் நட்டிருக்கிறார்கள். ஒரு பெரிய கல், அவருடைய தொகுதி ஊர்கள் மூன்றுக்கும் மூன்று சிறிய கற்கள். திறந்தவெளியில் அவர் கூட்டம் பேசிய இடம். காற்று குடையைத் திருப்பிப் போட்டது. இவர் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் செய்யத் தோன்றியது.

அக்டோபர் 10, வெள்ளி – பாரிஸ்

கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறை. தெருவில் இறங்கினால் தமிழ்க் கடைகள், பூக்கடை முதல் நகைக்கடை வரை. காலையில் தோசை, மாலையில் ஒரு நீளரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறினோம். வெயில், ஆனால் குளிர் வெயில்.

மணிக்கட்டுப் பட்டி நெகிழ்ந்துவிட்டதால் பச்சைச் சிலுவை எரியும் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டி, பிரம்புக் கூடை நிறையக் காளான். காட்டில் பறித்தது. மருந்தாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருப்பி, அடிப்பக்கச் செதிலைப் பார்த்து, முகர்ந்து, இரண்டை மட்டும் தனியே எடுத்து வைத்து, வேண்டாம் என்று தலையாட்டினார். எது விஷக் காளான் என்று பார்த்துச் சொல்வதற்கும் அங்கே மருந்தாளர் படிப்பில் இடம் உண்டாம். இந்தச் சேவைக்கு ஒரு சென்ட்கூட வாங்கவில்லை. பின்னால் நின்ற ஆறு பேரும் முணுமுணுக்காமல் நின்றார்கள். எல்லோருக்கும் அந்த இரண்டு காளான்கள் என்னவென்று தெரிந்துகொள்ளும் ஆவல்.

அறையின் சொந்தக்கார அம்மா எழுபதை நெருங்குபவர். அவருக்கும் சர்க்கரை. இவர் இன்சுலின் பேனாவை வைக்க ஃபிரிட்ஜில் இடம் கேட்டதும், தன்னுடைய பேனா இருக்கும் தட்டையே காட்டி, பக்கத்திலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். கைபேசியில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு ராத்திரி பதினொரு மணிவரை பேசினோம். பிரான்சின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்குப் போன சனிக்கிழமைதான் 80 வயது நிறைந்தது. 1945 அக்டோபர் 4ஆம் தேதி ஆணையில் பிறந்தது. போர் முடிந்து சில மாதமே ஆகியிருந்தது, நாட்டிடம் காசே இல்லாத நேரம்.

வித்தால் என்ற பச்சை நிறக் காப்பீட்டு அட்டையை மேசையில் வைத்து, என் பேனாவை வாங்கி, கணக்கு எழுதிக் காட்டினார். பொது மருத்துவர் கட்டணம் 30 யூரோ. நோயாளி முதலில் கொடுத்துவிடுவார். அதில் 70 சதவீதம், அதாவது 21 யூரோ, அரசுக் காப்பீடு தரும். அதிலிருந்து 2 யூரோ பிடித்துக்கொண்டு 19 யூரோ சில நாளில் வங்கிக்கு வந்துவிடும். மிச்சம் 9 யூரோவை, துணைக் காப்பீடு வைத்திருந்தால் அது தரும். பில் கவுண்டர்க்காரிக்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டுமா! அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். நீண்டகால நோய்கள் என்று ஒரு பட்டியல் உண்டு, சர்க்கரை அதில் இருக்கிறது, அந்த நோய்க்கான சிகிச்சைக்கு மட்டும் நூற்றுக்கு நூறு. மருந்துப் பெட்டி ஒன்றுக்கு ஒரு யூரோ பிடிப்பார்கள், அதுவும் வருடத்துக்கு 50 யூரோவைத் தாண்டாது.

முதலில் கொடு, பிறகு வாங்கிக்கொள் என்பதில் எனக்கு ஒரு உறுத்தல் மட்டும் இருந்தது. கையில் அந்த 30 யூரோ இல்லாத நாளில்? வருமானம் குறைந்தவர்கள் முன்கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை என்றார். சரி, யோசித்திருக்கிறார்கள்.

அக்டோபர் 12, ஞாயிறு – கொலோன், ஜெர்மனி

நேற்று ராத்திரி மகள் வீட்டில் படுக்கப் போகும்போது இவர் பையைத் துழாவினார். பிறகு என் பையைத் துழாவினார். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். இன்சுலின் பாரிஸ் ஃபிரிட்ஜிலேயே தங்கிவிட்டது. கிளம்பும் முன் ஃபிரிட்ஜைப் பார்க்க வேண்டியவள் நான்தான். பாரிஸ் அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் படம் வந்தது: அவருடைய பேனாவும் இவருடைய பேனாவும் ஒரே தட்டில், பக்கத்தில் ஒரு இதயக் குறி.

காலையில் சர்க்கரை 290. ஞாயிற்றுக்கிழமை கொலோனில் ரொட்டிக் கடையைத் தவிர எல்லாம் பூட்டு. மகள் பதறவில்லை. 116117 என்ற எண்ணுக்குப் போன் செய்தாள். உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் நாளைவரை பொறுக்காத வியாதிகளுக்கான எண் அது. அன்றைய முறைக்கு எந்த மருத்துவர் திறந்திருக்கிறார் என்று சொன்னார்கள், மாப்பிள்ளை கூட்டிப்போனார்.

உள்ளே பன்னிரண்டு பேர். புதிதாக வருகிறவர் ஒவ்வொருவரும் மொத்த அறைக்கும் காலை வணக்கம் சொல்லிவிட்டு உட்காருகிறார்கள், போகிறவர்கள் எல்லோருக்கும் விடைசொல்லிவிட்டுப் போகிறார்கள். முக்கால் மணி நேரத்தில் கூப்பிட்டார்கள். மருத்துவர் இவருடைய பழைய மருந்துச் சீட்டைக் கைபேசியில் பார்த்து, விரலில் குத்திச் சர்க்கரையை மறுபடி பார்த்து, கால் பாதத்தையும் பார்த்து, நீலத் தாளில் எழுதிக் கொடுத்தார். சொந்தக் காசில் வாங்குகிறவர்களுக்கு நீலம். நான் பர்ஸை எடுத்தேன். அவர் கையை அசைத்து மகளின் விலாசத்தைக் கேட்டார். பில் தபாலில் வருமாம், அப்புறம் கட்டினால் போதுமாம். ஊர் பேர் தெரியாத ஒரு வெளிநாட்டுக்காரனுக்கு மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டு, கணக்கைத் தபாலில் அனுப்புகிறார்கள்! (பிறகு சேர்த்தது: பத்தாம் நாள் வந்தது. 36 யூரோ சொச்சம். ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு எண், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு கூடுதல். வாங்கியதற்கு மேல் ஒரு வரிகூட இல்லை.)

ஞாயிறன்று திறந்திருக்கும் மருந்துக்கடை எது என்று பூட்டிய கடைக் கதவுகளில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது. அங்கே போனால் அந்தக் கடையும் பூட்டித்தான் இருந்தது. மணியை அழுத்த வேண்டும். கதவில் தபால்பெட்டி அளவில் ஒரு சிறு சன்னல் திறந்து, தூக்கக் கண்ணோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தார். சீட்டு உள்ளே போய் இன்சுலின் வெளியே வந்தது. நேரம் கெட்ட நேரத்துக்கு 2.50 யூரோ கூடுதல். இன்சுலினுக்கு நாங்கள் முழு விலையும் கொடுத்தோம், அது நியாயம்தான். காப்பீட்டு அட்டை உள்ளவர் ஒரு மருந்துக்கு அதிகபட்சம் 10 யூரோ கொடுத்தால் போதும், நீண்டகால நோயாளி என்றால் வருடம் முழுவதும் சேர்த்து வருமானத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகாது. இவர் அந்தச் சிறு சன்னலுக்கு எதிரே, தெருவிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டார்.

ராத்திரி இவருக்குப் பசி. உணவகத்தில் பட்டியலைப் பார்த்து 'ஹால்வ ஹான்' கேட்டார். பாதிச் சேவல் என்று பொருள். வந்தது கம்பு நிறத்தில் ஒரு ரொட்டி, மேலே தடித்த பாலாடைக்கட்டி, வெங்காயம், கடுகு. கொலோன்காரர்களுக்குப் பாதிச் சேவல் என்றால் அதுதானாம். சர்க்கரைக்காரருக்கு நல்லதாகப் போயிற்று.

அக்டோபர் 14, செவ்வாய் – கொலோன்

மகளின் சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மருத்துவக் காப்பீட்டுக்குச் சம்பளத்தில் 14.6 சதவீதம், அதற்கு மேல் அவளுடைய காப்பீட்டு நிதியம் வைக்கும் ஒரு சிறு கூடுதல். பாதி அவள், பாதி கம்பெனி. கேட்டால் அதிகமாகத் தெரியும். ஆனால் மருத்துவரிடம் போனால் அட்டையைச் செருகுவதோடு சரி. மருத்துவமனையில் படுத்தால் நாளுக்கு 10 யூரோ, அதுவும் வருடத்தில் 28 நாளுக்கு மேல் வாங்க மாட்டார்கள். வேலையில்லாத கணவனோ மனைவியோ, பிள்ளைகளோ, தனியாகக் கட்டாமலே அதே காப்பீட்டுக்குள் வந்துவிடுவார்கள். 1883இல் அன்றைய ஜெர்மன் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் கொண்டுவந்த சட்டத்தின் தொடர்ச்சி இது. சோஷலிஸ்டுகள் பக்கம் தொழிலாளர்கள் சாய்ந்துவிடக் கூடாது என்ற பயத்தில் போட்ட சட்டம்தான், ஆனாலும் 140 வருடத்துக்கு மேலாக, இரண்டு உலகப் போரையும் தாண்டி நிற்கிறது.

ஒரு வருத்தமும் உண்டு. சம்பளம் ஒரு அளவைத் தாண்டியவர்கள் தனியார் காப்பீட்டுக்குப் போய்விடலாம். தோல் மருத்துவரிடம் நேரம் கேட்க மகள் போன் செய்தபோது முதல் கேள்வியே "பொதுவா, தனியாரா?" என்பதுதான். பொது என்றதும் நான்கு மாதம் கழித்துத் தேதி. தனியார் வைத்திருக்கும் அவள் சக ஊழியருக்கு அதே இடத்தில் அடுத்த வாரம். "அம்மா, அந்தக் கேள்வியக் கேட்டாலே எனக்கு எரியுது" என்றாள். எனக்கும் எரிந்தது. அந்தக் கேள்வியை வேறு வார்த்தையில் கேட்டுக்கொண்டிருந்தவள் நான்.

அக்டோபர் 17, வெள்ளி – டொராண்டோ

சம்பந்தி வீட்டில் தீபாவளி. ஸ்கார்பரோவில் அவர்கள் வீடு. மரங்கள் எல்லாம் சிவப்பும் மஞ்சளுமாகப் பற்றி எரிகிற மாதிரி நிற்கின்றன. இறங்கிய உடனே இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல். சம்பந்தியம்மா தட்டைக் காலியாக விடுவதில்லை.

மருத்துவரைப் பார்க்கக் காசில்லை, சரிதானே என்று கேட்டேன். "காசில்லை அக்கா. ஆனா குடும்ப டொக்டர் கிடைக்கவே எங்களுக்கு மூண்டு வருசம் போச்சுது" என்றார். பழைய மருத்துவர் ஓய்வுபெற்றதும் இவர்கள் நடுத்தெருவில். சளி, காய்ச்சல் என்றாலும் வருகிறவர்களுக்கு வரிசைப்படி பார்க்கும் கிளினிக்கில் காலை ஏழு மணிக்கே போய் நிற்க வேண்டும். பல்லும் மருந்தும் அந்த இலவசத்துக்குள் வராது. பல்லுக்குச் சமீபத்தில் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறது. மருந்துக்குப் பெரும்பாலும் வேலையிடம் தரும் காப்பீடு வேண்டும், இல்லாவிட்டால் வயது 65 ஆக வேண்டும்.

மாலையில் இவரைப் பல்கலைக்கழக வளாகத்துக்குக் கூட்டிப்போனார்கள். 1921இல் பான்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைக் கண்டுபிடித்தது இந்த வளாகத்தில். 1922 ஜனவரியில் பதினான்கு வயதுப் பையனுக்கு, சாகக் கிடந்தவனுக்கு, முதல் ஊசி போட்டதும் இந்த ஊர் மருத்துவமனையில். காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இவர் கோட்டுப் பைக்குள் கையை விட்டு இன்சுலின் பேனாவைப் பிடித்தபடியே ரொம்ப நேரம் நின்றார். பாரிஸுக்குப் பிறகு அது அவர் பையை விட்டு இறங்குவதில்லை.

சம்பந்தி வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒருவர், வயது ஐம்பத்திரண்டு, டாக்சி ஓட்டுகிறார். சொந்தத் தொழில் என்பதால் காப்பீடு கிடையாது. இன்சுலின் பிறந்த ஊரில் இருந்துகொண்டு கைக்காசில் இன்சுலின் வாங்குகிறார். போன வருடம் அக்டோபரில் கனடா ஒரு சட்டம் போட்டது, சர்க்கரை மருந்துகளைக் காசில்லாமல் தர. அதற்கு மாகாணம் ஒப்பந்தம் போட வேண்டும். மானிடோபா, பிரிட்டிஷ் கொலம்பியா, பிரின்ஸ் எட்வர்ட் தீவு, யூகான் போட்டுவிட்டன. ஒன்ராறியோ இன்னும் போடவில்லை.

இந்த நாட்டில் காசில்லா மருத்துவம் தொடங்கிய கதையைச் சம்பந்தி சொன்னார். டாமி டக்ளஸ் சிறுவனாக இருந்தபோது கால் எலும்பில் சீழ் பிடித்தது. வீட்டில் காசில்லை, காலை எடுத்துவிடலாம் என்றார்கள். மாணவர்கள் பார்த்துப் படிக்க ஒப்புக்கொண்டால் இலவசமாகச் செய்கிறேன் என்று ஒரு அறுவை மருத்துவர் முன்வந்ததால் கால் பிழைத்தது. ஒரு மருத்துவரின் நல்ல மனசை நம்பியா ஒரு பிள்ளையின் கால் இருப்பது என்ற கேள்வி அவரை விடவில்லை. சாஸ்காச்சுவன் மாகாண முதல்வராகி அவர் கட்டிய திட்டம் 1962 ஜூலை 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. அன்றைக்கே மருத்துவர்கள் வேலைநிறுத்தம், 23 நாள். திட்டம் நின்றது. பிறகு நாடே அதை எடுத்துக்கொண்டது.

அக்டோபர் 19, ஞாயிறு – பஃபலோ, அமெரிக்கா

சம்பந்தியம்மாவின் தங்கை வீடு. எல்லையைத் தாண்டி இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிட்டோம். ஏரிக்காற்று காதை அறுக்கிறது. வாசலிலேயே "உள்ள வாங்கோ, உள்ள வாங்கோ" என்று சால்வையோடு நின்றார். மதியத்துக்குக் கோழி இறக்கைப் பொரியல், புளிக்காரக் குழம்பில் பிரட்டியது, கூடவே செலரித் தண்டு. இந்த ஊரில் பிறந்த பண்டமாம்.

தொலைக்காட்சியில் அரசு அலுவலகங்கள் முடங்கிப் பத்தொன்பதாம் நாள் என்று ஓடிக்கொண்டிருந்தது. இரு கட்சிகளின் சண்டையே மருத்துவக் காப்பீட்டு மானியத்தைப் பற்றித்தான். தாங்களாகக் காப்பீடு வாங்குகிறவர்களுக்குக் கிடைத்துவந்த கூடுதல் உதவி 2025 டிசம்பரோடு முடியவிருந்தது, அதை நீட்டிப்பதா வேண்டாமா என்று.

நான் பில் கவுண்டரில் இருந்தவள் என்பதைச் சம்பந்தியம்மா முன்பே சொல்லி வைத்திருந்தார் போல. சாப்பாடு முடிந்ததும் தங்கை ஒரு பிஸ்கட் டின்னை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். உள்ளே பதினோரு உறைகள். ஜூனில் அவர் கணவருக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ், ஒரு ராத்திரி மருத்துவமனை, மாரடைப்பு இல்லை என்று மறுநாள் அனுப்பிவிட்டார்கள். கடவுள் புண்ணியம். அதற்குப் பிறகு நான்கு மாதமாக இந்த உறைகள்.

முதல் தாளின் தலைப்பிலேயே பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது: இது பில் அல்ல. மருத்துவமனை கேட்டது இவ்வளவு, காப்பீட்டுக் கம்பெனி பேசி முடித்தது இவ்வளவு, நீங்கள் தர வேண்டியிருக்கக்கூடியது இவ்வளவு. இருக்கக்கூடியது! இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு சொல்லோடு நான் ஒரு தாளைக் கொடுத்ததில்லை. அடுத்த உறை மருத்துவமனையின் பில். அதற்கடுத்தது அங்கே பார்த்த அவசர மருத்துவர் தனியாக அனுப்பிய பில். எக்ஸ்ரேயைப் படித்துச் சொன்னவருக்குத் தனி பில். ஆம்புலன்ஸுக்குத் தனி. எதிர்பாராத பில்களைத் தடுக்க 2022இல் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது, ஆனால் தரையில் ஓடும் ஆம்புலன்ஸ் அந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. வருடத்தில் முதல் 3,000 டாலர் வரை நோயாளியே கட்டியாக வேண்டும் என்பது இவர்கள் காப்பீட்டின் விதி. அதற்கு மேல் போனாலும் ஒரு பங்கு உண்டு.

இத்தனைக்கும் அவசரப் பிரிவில் யாரையும் காசு கேட்டுத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1986இலிருந்தே இங்கே சட்டம் இருக்கிறது. வாசலில் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்த ராத்திரி வீட்டுக்குள் வந்து பிஸ்கட் டின்னில் குடியேறிவிடுகிறது. டிரெடிகர் பெரியவரின் மனைவி இடுப்பு வலியோடு காத்திருக்கிறார், அது எனக்கு நெஞ்சை அடைக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த வீட்டில் நடப்பதைப் பார்த்த பிறகு, எனக்கு எது வேண்டும் என்று கேட்டால் நான் அந்த நீலப் பிளாஸ்டிக் நாற்காலியைத்தான் கேட்பேன்.

தங்கையின் கணவருக்கு 61. கிடங்கு வேலை, முதுகு போய்விட்டது. காப்பீடு வேலையோடு கட்டியிருக்கிறது. உலகப் போர் நேரத்தில் சம்பள உயர்வுக்கு அரசு தடை போட, கம்பெனிகள் ஆள் பிடிக்கக் காப்பீட்டைக் கொடுக்கத் தொடங்கி, அது அப்படியே ஊன்றிவிட்டதாம். வேலையை விட்டால் காப்பீடும் போகும். 65 ஆனால் அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர் வந்துவிடும். 1965இல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டு, முதல் அட்டையைப் பழைய அதிபர் ட்ரூமனுக்குக் கொடுத்த திட்டம். "இன்னும் மூண்டு வருசம், ஏழு மாசம்" என்றார் அவர். தேதி சொல்லச் சொல்லியிருந்தால் அதையும் சொல்லியிருப்பார்.

ராத்திரி ஒரு மணிவரை சாப்பாட்டு மேசையில் நானும் தங்கையும். பில் அல்லாதவை ஒரு அடுக்கு, கட்டியவை ஒரு அடுக்கு, கட்டாதவை ஒரு அடுக்கு. மருத்துவமனை பில்லில் மொத்தத் தொகை மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு இனமும் பிரித்தெழுதிய பில்லைக் கேட்டீர்களா என்றேன். கேட்கலாம் என்பதே தெரியாதாம். மருத்துவமனையின் இணையக் கணக்கைத் திறந்து தேடினோம், கிடைத்தது. நான்கு பக்கம். பழக்கம் கையை விட்டுப் போகவில்லை, வலது கை ஆள்காட்டி விரலை ஒவ்வொரு வரியாக இறக்கிக்கொண்டே வந்தேன். மூன்றாம் பக்கத்தில் மார்பு எக்ஸ்ரே. அதே எண், அதே தேதி. இரண்டு வரி தள்ளி மறுபடியும் மார்பு எக்ஸ்ரே, அதே எண், அதே தேதி. எத்தனை எக்ஸ்ரே எடுத்தார்கள் என்று அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிக் கேட்டோம். ஒன்றுதான்.

அக்டோபர் 20, திங்கள் – டொராண்டோ, தீபாவளி

விடியற்காலையிலேயே கிளம்பித் திரும்பி வந்தோம். எண்ணெய்க் குளியல், மணிக்கட்டு இன்னும் வலிப்பதால் சம்பந்தியம்மாவே என் தலைக்கு வைத்துவிட்டார். வடை, பயற்றம் பணியாரம். இவருக்கு ஒன்றே ஒன்று.

பத்தரை மணிக்குப் பஃபலோவிலிருந்து போன். தங்கை வேலைக்கு லீவு போட்டுவிட்டு மருத்துவமனையின் பில் பிரிவுக்குக் கூப்பிட்டிருக்கிறார். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்திருக்கிறார்கள். பிறகு எடுத்த பெண்ணிடம் நான் எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்தாராம்: மூன்றாம் பக்கம், இந்த எண், இந்தத் தேதி, இரண்டு முறை. அந்தப் பெண் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு, "நீங்க சொல்றது சரி மாதிரித்தான் தெரியுது, மேல அனுப்புறேன், பத்து நாள் கழிச்சு மறுபடி கூப்பிடுங்க" என்றாளாம். அதுவரைக்கும் கட்ட வேண்டாம் என்றும் மெதுவாகச் சொன்னாளாம்.

அவள் பெயரைக் கேட்டு எழுதி வைத்தீர்களா என்றேன். எழுதி வைத்திருக்கிறார். நேரத்தையும் எழுதச் சொன்னேன்.